தண்ணீர் விழும் இடத்தில் முதல் குழி

2019 பங்குனியில் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் மூன்று குடியிருப்புகளில் 60 வீடுகளுக்கு எங்கள் குழு சார்பில் வீட்டுத்தோட்டத்துக்கான விதைப் பொட்டலம் கொடுத்தோம். வீட்டுக்கு 12 வகை. சமுதாயக் கூடத்தில் பந்தல் போட்டு, ஒரு நாள் முழுக்கப் பயிற்சி நடத்தி, மதியச் சாப்பாடும் போட்டு அனுப்பினோம். வைகாசி முடிந்து போய்ப் பார்த்தபோது நான்கைந்து வீடுகளைத் தவிர எங்கும் ஒரு செடிகூட இல்லை. சில வீடுகளில் பொட்டலம் பிரிக்கப்படாமல் கூரை இறவாணத்தில் செருகியபடியே இருந்தது.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுத்தோட்டம் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெரும்பாலும் மாடி, தொட்டி, தென்னைநார்க் கழிவு என்று போகும் அது. நான் சொல்ல வருவது இரண்டு மூன்று சென்ட் மனையில், ஒரு குடத் தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற வீடுகளைப் பற்றி. அந்த வீடுகளுக்குப் போய் வேலை செய்யும் தோழர்களுக்கும், புதிதாகக் களத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் உதவினால் சந்தோஷம்.

முதலில் பின்னணி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், உள்ளே வந்தும் வேகம் அடங்காமல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போனது. எங்கள் பக்கம் தென்னை, பலா, மா எல்லாம் வேரோடு விழுந்து கிடந்தன. மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் வந்தது. அது மரத்தின் சொந்தக்காரருக்கு. அந்தத் தோப்பில் காய் பொறுக்கி, மட்டை உரித்து, கீற்று முடைந்து கூலி வாங்கியவர்களுக்கு அன்றோடு வேலை போனது. ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பினார்கள். ஊரில் தங்கியவர்கள் வயதானவர்கள், பிள்ளைகள், கணவனை இழந்த பெண்கள், உடம்புக்கு முடியாதவர்கள்.

பட்டினி என்று சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி வந்தது, கஞ்சி இருந்தது. தட்டில் சோற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை. புளித்தண்ணியில் மிளகாயைக் கிள்ளிப் போட்டு ஒரு ரசம், அதுவே மூன்று வேளையும். காய் வாங்குவது வாரச்சந்தை அன்று மட்டும். அதுவும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். வீட்டைச் சுற்றி நான்கு செடி இருந்தால் இந்தத் தட்டு மாறும் என்று நினைத்துத்தான் விதை கொடுத்தோம். நினைத்தது சரி. செய்த விதம்தான் தவறு.

அதை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு அப்பாயி. மகன் இறந்துவிட்டார், மருமகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பேரன், பேத்தி இருவரையும் அப்போது 1000 ரூபாயாக இருந்த முதியோர் உதவித்தொகையையும் மருமகள் அனுப்பியதையும் வைத்து வளர்த்துவந்தார். "விதை போட்டீங்களா அப்பாயி?" என்று கேட்டேன்.

"போடல ஆத்தா. பங்குனியில எவளாச்சும் வெதை போடுவாளா? நீங்க படிச்ச புள்ளைக, குடுத்துட்டுப் போறீக. ஏன் சடைக்கணும்னு வாங்கி வச்சுக்கிட்டேன்."

உறைத்தது. எங்களுக்கு நிதி வந்தது மாசியில். அது முடிய வேண்டிய கணக்குத் தேதி ஒன்று இருந்தது. அதனால் பங்குனியில் விதை கொடுத்தோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும் ஊரில், அந்த வெயிலில் வெண்டையும் அவரையும் போடச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். அதை நாங்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் எல்லாரும் தலையாட்டினால் எனக்குப் பயம்தான் வரும்.

இரண்டாவது தவறு, மாதிரித் தோட்டத்தை நாங்கள் அமைத்த வீடு. ஆழ்துளைக் கிணறு உள்ள வீடாகப் பார்த்து, சுற்றுச்சுவர் இருக்கிறதா என்றும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம். பார்க்க வருபவர்களுக்குப் பச்சைப் பசேல் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை. தெருப் பெண்களை அங்கே கூட்டிப்போனோம். பார்த்துவிட்டு, "அவுகளுக்குத் தண்ணி இருக்கு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். அது நியாயமான பதில். இருக்கிற வீட்டில் விளைந்ததைக் காட்டி இல்லாத வீட்டுக்குப் பாடம் நடத்த முடியாது.

ஆகவே ஆடியில் மறுபடி தொடங்கியபோது அப்பாயி வீட்டில் தொடங்கினோம். அந்தத் தெருவிலேயே குழாயடிக்குத் தூரமான வீடு. வேலி கிடையாது. வெட்டினால் மண்வெட்டி எகிறும் சரளை மண். அங்கே ஒரு செடி நின்றால், "எனக்கு முடியாது" என்று வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்று கணக்குப் போட்டோம். விதை, நேரம், தண்ணீர் எல்லாவற்றையும் அந்தக் கொல்லைக்கு ஏற்றபடி அளந்தோம். இந்த வேலையில் நான் செய்த நல்ல முடிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீரில் தொடங்கினோம். பயிற்சியில் "தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று நான்தான் சொல்லியிருந்தேன். குழாயில் காலை ஒரு மணி நேரம் தண்ணீர் வரும், சில நாள் வராது. அந்தத் தண்ணீரில் செடிக்கு ஊற்று என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ஒரு நாள் முழுக்க அங்கேயே இருந்து, எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன். அரிசி களைந்தது, பாத்திரம் விளக்கியது, பிள்ளைகள் குளித்தது, துணி துவைத்தது எல்லாம் சேர்ந்து ஆறேழு குடம் வந்தது. அத்தனையும் வீட்டுக்குப் பின்னால் ஒரே இடத்தில் விழுந்து சேறாகக் கிடந்தது. கொசு மொய்த்தது. அதுதான் தோட்டம் போட வேண்டிய இடம்.

இப்போது புது வீட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது, "பாத்திரம் எங்கே விளக்குறீங்க?" என்பதுதான். மண், விதை எல்லாம் அப்புறம்.

குளிக்கும் இடத்தின் வாய்க்கால் முடிவில் இரண்டரை அடி ஆழம், நான்கு அடி அகலத்தில் வட்டமாக ஒரு குழி. அதில் காய்ந்த சருகு, வாழைச்சருகு, அடுப்படிக் கழிவு என்று மேலே கோபுரமாகக் குவியும் அளவுக்கு நிரப்பினோம். வெட்டிய மண்ணைச் சுற்றிலும் வரப்பாக்கி, அதில் மூன்று வாழைக்கன்று, இடையில் சேம்பு, ஒரு பப்பாளி. சோப்புத் தண்ணீர் இந்தக் குழிக்கு மட்டும்தான். வாழையும் சேம்பும் அதைத் தாங்கும், கீரை தாங்காது. பாத்திரத்தைச் சாம்பல் போட்டு விளக்குகிற வீடென்றால் அந்தத் தண்ணீர் கத்தரிக்கும் போகலாம். அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவியதும் கீரைப் பாத்திக்கு. துணி துவைத்த முதல் தண்ணீரில் சோடா அதிகம், அதைத் தோட்டத்தில் விடாமல் இருப்பதே நல்லது. அலசிய தண்ணீரை விடலாம். இவ்வளவுதான் விதி, பாட்டிகள் ஒரு தடவை கேட்டதும் பிடித்துக்கொண்டார்கள்.

குடிதண்ணீரில் ஒரு சொட்டும் கேட்காத தோட்டம் என்றதும் மற்ற பெண்களின் முகம் மாறியதை நேரில் பார்த்தேன்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சரளை மண்ணைக் கொத்திப் பாத்தி கட்ட முயன்று இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். குழி வெட்டி, குழிக்குள் மட்டும் நல்ல மண் போட்டால் போதும். ஒரு முழம் ஆழம், ஒரு முழம் அகலம். கண்மாய் வண்டல் ஒரு கூடை, மக்கிய சாணம் அல்லது ஆட்டுப் புழுக்கை ஒரு கூடை, மேலே வெட்டிய மண். மாடு இல்லாத வீட்டுக்குச் சாணம் எங்கே என்று கேட்பார்கள். ஆட்டுப் புழுக்கை எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் போன்ற இயற்கை உரக் கரைசல்கள் எல்லாம் நல்லவைதான். ஆனால் வெல்லத்தையும் பயற்று மாவையும் கரைத்துச் செடிக்கு ஊற்று என்று, பிள்ளைக்கே பயறு வாங்க முடியாத அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை விட்டுவிட்டோம். செடிகள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணைத் தழையாலும் மட்டையாலும் மூடுவது, அதை மட்டும் விடவே கூடாது. புயலில் விழுந்த தென்னை மட்டைகள் அப்போது தெருவெல்லாம் கிடந்தன. அவற்றை நறுக்கிக் குழியைச் சுற்றிப் போட்டோம். ஈரம் இரண்டு மூன்று நாள் நின்றது. ஆனால் கரையான் வந்து, மட்டையோடு சேர்த்து இரண்டு கத்தரித் தண்டையும் அரித்துவிட்டது. அதற்குப் பிறகு தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்கிறோம். காய்ந்த மட்டையைவிட வேம்பு, எருக்கு, ஆவாரை போன்ற பச்சைத் தழை நல்லது.

அடுத்தது ஆடும் கோழியும். இதைப் பற்றி எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் ஒரு வரிக்கு மேல் இருந்து நான் பார்த்ததில்லை. களத்தில் முக்கால்வாசித் தோட்டம் அழிவது இதனால்தான். ஆடும் அந்தத் தெருக்காரர்களுடையதே, அது அவர்களுக்கு வங்கிக் கணக்கு மாதிரி. பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதில்தான். ஆட்டைக் கட்டு என்று ஒருவரிடம் சொன்னால் பக்கத்து வீட்டோடு சண்டை வரும், வந்தது. ஒரு வீட்டில் மூன்று மாதம் பேச்சுவார்த்தை நின்றே போயிற்று.

கம்பி வலை வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தோம். 60 வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அப்பாயிதான் வழி சொன்னார். "ஆடு தொடாததை வை. அதுக்குப் பேரே ஆடாதொடைதானே?" என்றார். ஆடாதொடையும் நொச்சியும் போத்தாக, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டாக வெட்டி மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டால் பிழைத்துக்கொள்ளும், ஆடு வாய் வைக்காது. ஆனால் அது வேலியாக எழும்ப ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வந்து வளைத்துக் கட்டினோம். பழைய சேலையைக் கிழித்துக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டியதும் ஓரளவு பயன்பட்டது. இன்னொரு வழி, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் விளைய வைப்பது. சுரை, பீர்க்கு, புடலை, அவரை ஆகியவற்றின் தண்டை ஆடு எட்டும் உயரம் வரை முள்ளால் சுற்றிக் காப்பாற்றிவிட்டால் போதும், மேலே பந்தலிலோ வேப்பமரத்திலோ ஏறிய பிறகு அதன் பாட்டுக்குக் காய்க்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நேரடியாக ஏற்றாதீர்கள், சூட்டில் கொடி கருகும். நடுவில் கீற்றைப் பரப்பிவிட்டு ஏற்றலாம்.

கோழி, ஆட்டைவிட மோசம். விதைத்த அன்றே கிளறிவிடும். கீரை விதைத்த பாத்தியின் மேல் கருவேலங் கிளைகளை 15 நாள் பரப்பி வைத்தால் தப்பிக்கும். அப்பாயி வீட்டில் ஒரு நாள் போனால், கோழியை மூடும் பஞ்சாரம் நாற்றின் மேல் கவிழ்ந்திருந்தது. கோழிகள் வெளியே சுதந்திரமாக மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் படமெடுத்து எல்லாத் தெருவிலும் காட்டினேன். பிறகு பஞ்சாரம் பரவிய வேகத்துக்கு நாங்கள் சொன்ன எந்தப் பாடமும் பரவவில்லை.

இப்போது என்ன நடுவது என்பது. வீட்டுக்கு 12 வகை கொடுத்ததும் தவறுதான். ஐந்து போதும், அதுவும் ஒரே நாளில் வேண்டாம். எங்கள் அனுபவத்தில் வரிசை இப்படி அமைந்தது. முதலில் கீரை. சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம், அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மாதக்கணக்கில் தழைக்கும். ஒரு மாதத்துக்குள் வீட்டில் ஒரு வேளைக் குழம்பு மாறினால்தான் அடுத்த செடிக்கு மனசு வரும். விதை கடுகைவிடப் பொடிசு என்பதால் நாலு பங்கு மணலில் கலந்து தூவ வேண்டும். கொடிப்பசலைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விதையே வேண்டாம், பக்கத்து வீட்டில் ஒரு தண்டு ஒடித்து வந்தால் போதும்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் விதையாகக் கொடுக்கவே கூடாது. நாற்றுப் பருவத்தில் 30 நாள் பார்த்துக்கொள்ள வேண்டும், கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது முடியாது. ஒரே வீட்டில் மொத்தமாக நாற்றுவிட்டு, அந்த வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து, வீட்டுக்கு ஐந்து ஐந்து நாற்றாகப் பிரித்துக் கொடுத்தோம். மூன்று கத்தரியும் இரண்டு மிளகாயும் நின்றால் ஒரு சின்னக் குடும்பத்துக்குப் போதும். கத்தரி ஓய்ந்ததும் அடியில் ஒரு சாண் விட்டு வெட்டினால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். இது தெரியாமல் பிடுங்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

அவரை பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் எங்கள் மேலேயே சந்தேகம் வந்தது. ஆடியில் போட்ட நாட்டு அவரை ஐப்பசி வரைக்கும் கொடியாகவே ஓடியது, ஒரு பூ இல்லை. "மலட்டு விதையைக் குடுத்துட்டாங்க" என்று பேச்சு. நாட்டுக் கொடி அவரை பகல் குறையும்போதுதான் பூக்கும். எப்போது போட்டாலும் கார்த்திகை, மார்கழியில்தான் பூ, தையில்தான் காய். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு வீட்டில் கொடியை அறுத்திருக்க மாட்டார்கள். பரங்கி, சுரையிலும் இதே மாதிரி ஒன்று. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிர்ந்துவிடும். பிறகுதான் அடியில் பிஞ்சோடு பெண் பூ வரும். பூ உதிர்கிறதே என்று மனம் உடைய வேண்டாம் என்று விதை கொடுக்கும் கையோடு சொல்லுங்கள். தேனீ இல்லாத இடத்தில் பரங்கிக்குக் காலையிலும் சுரைக்கு அந்தியிலும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினால் பிஞ்சு நிற்கும். இந்த வேலையைப் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள்.

முருங்கை. இதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும். நாட்டு முருங்கைப் போத்து ஒன்றை நட்டுவிட்டால் அந்தக் குடும்பத்தின் கீரைப் பிரச்சினை பாதி தீர்ந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்-1 விதையில் ஆறேழு மாதத்தில் காய் வரும், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வெட்டிவிட வேண்டும். காய் விற்கிற வீட்டுக்கு அது சரி. கீரைக்கு நாட்டு மரம் போதும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக மரத்தில் உட்காரும், அதற்குப் பயந்து மரத்தையே வெட்டுவார்கள். இருட்டிய பிறகு தீப்பந்தத்தைத் தண்டில் லேசாகக் காட்டினால் போகும். கூரைக்குப் பக்கத்தில் இருந்தால் தீ வேண்டாம், சோப்புக் கரைசலை அடிக்கலாம். மற்றப் பூச்சிகளுக்கு விடியற்காலைப் பனியில் சாம்பல் தூவுவது, அப்புறம் வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கலந்து தெளிப்பது. இதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தரும் முறையும் மாறியது. காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் 100 நாள் வேலைக்குப் போனவர்கள் எப்படி வருவார்கள்? வந்ததெல்லாம் வேலைக்குப் போகாத வீட்டுப் பெண்கள். யாருக்குத் தேவையோ அவர்கள் இல்லை. அதனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, குழாயடிக்கோ அப்பாயி கொல்லைக்கோ போக ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. இன்று போத்து வெட்டுவது, அடுத்த வாரம் நுனி கிள்ளுவது. கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நான் செய்து காட்டினால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களை நட விட்டுவிட்டு, "ஏன் அக்கா இப்படிச் சாய்ச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டால் நான் கேள்விப்படாத ஒரு காரணம் வரும், பாதி நேரம் அதுதான் சரியாக இருக்கும்.

இந்தப் பெண்கள் பிறரின் வயலிலும் தோப்பிலும் வாழ்நாள் முழுக்க விளைய வைத்தவர்கள். விவசாயம் அவர்களுக்குத் தெரியாது என்ற நினைப்போடுதான் நாங்கள் போனோம். அவர்களுக்கு இல்லாதது நிலமும் தண்ணீரும்தான்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். வாரச்சந்தை மூடியது. பள்ளிக்கூடம் மூடியதால் பிள்ளைகளுக்கு மத்தியானம் சூடாகக் கிடைத்த சாப்பாடும் முட்டையும் நின்றன. நான் மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை, போனில்தான் பேசினேன். அப்பாயியின் பேத்தி பக்கத்து வீட்டுப் போனை வாங்கிக் கூப்பிட்டாள். "அக்கா, கத்தரிக்கா இருக்கு, முருங்கைக்கீரை இருக்கு. பக்கத்து வீட்டு ஆயா கேட்டாங்க, குடுத்தோம். குடுக்கலாம்ல?" என்றாள். கொடுக்கலாம்டா கண்ணு என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று வரைக்கும் அந்த வீட்டை உதவி வாங்குகிற வீடாகத்தான் எங்கள் பதிவேடு எழுதி வைத்திருந்தது. அந்த ஆடியில் நாங்கள் கேட்காமலே தெருவில் 20 வீட்டுக்கு மேல் குழி வெட்டியிருந்தார்கள்.

விளைந்தால் சாப்பிட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். இதையும் அடிபட்டுத்தான் கற்றேன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 2019-21ல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம். பிள்ளைகளில் இந்த விகிதம் முந்தைய சுற்றைவிடக் கூடியிருந்தது. முருங்கை மரங்கள் நிற்கிற ஊரில் இது. ஏன் என்று கேட்டால், கீரை என்பது ஒன்றுமில்லாதவர் சாப்பிடுவது என்ற எண்ணம் ஒரு பக்கம். பிள்ளைக்குச் சளி பிடிக்கும், பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்ற பயம் இன்னொரு பக்கம். ஆய்வதற்கு நேரமில்லை என்பது மூன்றாவது, அதுதான் பெரியது. வேலை முடிந்து இருட்டி வருகிற பெண் விறகு அடுப்பில் உலை வைத்துவிட்டு எப்போது முருங்கைக்கீரை உருவுவாள்?

பயத்தோடு நாங்கள் மோதவில்லை. கர்ப்பிணிக்குப் பப்பாளி கொடு என்று வாதாடுவதில் ஒரு பயனும் இல்லை. முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டு, அடைமாவிலும் குழம்பிலும் ஒரு கரண்டி போடப் பழக்கினோம். ஆய்கிற வேலை வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. பரங்கி, கீரை எதுவானாலும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்தால்தான் அதன் வைட்டமின் ஏ உடம்பில் நன்றாகச் சேரும், கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சரியாக ஏறாது. இந்த மூன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம். விதை நேர்த்தியைவிட இந்தப் பேச்சுக்குத்தான் பெண்கள் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வீடுகள் புறம்போக்கில் இருந்தன, பட்டா கிடையாது. அங்கே யாரும் மரம் வைக்க மாட்டார்கள், நான் எவ்வளவு சொன்னாலும். நாளைக்கு எழுப்பிவிட்டால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. அந்த வீடுகளில் சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பிக் கத்தரியும் மிளகாயும் வைத்தோம். ஒரு வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது அந்த அக்கா பாத்திரம் பண்டங்களோடு நான்கு சாக்கையும் டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு போனார். பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் தோட்ட வேலையின் ஒரு பகுதிதான் என்று அதன் பிறகு எங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டோம்.

இப்போது நாங்கள் விதை வாங்கிக் கொடுப்பது குறைந்துவிட்டது. பரங்கி, சுரை விதையைச் சாணத்தில் பிசைந்து சுவரில் அப்பி வைப்பதும், கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்துவதும் இங்கே பழைய பழக்கம், நடுவில் விட்டுப்போயிருந்தது. அப்பாயி வீட்டுச் சுவரில் இப்போது ஏழெட்டு வறட்டிகளில் விதை ஒட்டியிருக்கிறது. கலப்பினப் பொட்டல விதையில் எடுத்த விதை அடுத்த முறை தாய்ச்செடி மாதிரி வராது. அதனால் நாட்டு ரகத்தை மட்டுமே இப்படிச் சேர்க்கச் சொல்கிறோம்.

இன்னும் தீராதது கோடை. சித்திரை, வைகாசியில் குழாய்த் தண்ணீரும் குறைந்து, குளியலும் துவையலும் கண்மாய்ப் பக்கம் போய்விட்டால் கொல்லைக்கு வரும் தண்ணீரே நின்றுவிடுகிறது. மண்பானையைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்துச் சில வீடுகளில் பார்த்தோம். பானையைச் சுற்றி இரண்டு மூன்று செடி பிழைத்தது. மற்றபடி அந்த இரண்டு மாதத்தில் நிற்பவை முருங்கை, சுண்டை, பிரண்டை, கறிவேப்பிலை, வாழைக்குழியில் இருப்பவை மட்டும். ஆகவே கத்தரியை மாசியிலேயே வற்றலாகப் போட்டு வைக்கச் சொல்கிறோம், கொத்தவரையையும் அப்படியே. போன வாரம் போனபோது அப்பாயி கொல்லையில் பச்சை என்று பார்த்தால் முருங்கையும் சுண்டையும்தான். பீர்க்கம் பந்தல் காய்ந்து கம்பு மட்டும் நின்றது. அவர் குழிகளைத் தோண்டிப் பழைய மண்ணை எடுத்துவிட்டு, பேரனை வைத்துச் சருகு நிரப்பிக்கொண்டிருந்தார். ஆடிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அதற்குள் மக்கிவிடும் என்றார்.